மலை ஏரிப் படகுக்கு எந்த ஆயில்?

வாளையார்: கோவையை விட்டுப் பாலக்காடு நோக்கி வரும் நெடுஞ்சாலையில் எல்லையை நெருங்கினால், லாரிப் பட்டறை, பஞ்சர் கடை, உதிரிபாகக் கடை என்று வரிசையாகக் கண்ணில் படும். பலகையில் மலையாளம் இருந்தாலும் கல்லாவில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் நம் பேச்சுதான். இந்தக் கடைகளில் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, சாதா ஆயில் போதுமா, சிந்தெடிக் வாங்கணுமா?"

அண்மையில் அப்படி ஒரு கடை வாசலில் நின்றபோது அதே கேள்வியைக் கேட்டவர் லாரிக்காரர் அல்ல, படகுக்காரர். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நீர்த்தேக்கத்தில் பறக்கும் ஸ்பீடு படகை ஓட்டுகிறவர். கடைக்காரர் விலை உயர்ந்த டப்பா ஒன்றை எடுத்து வைத்து, "இதைப் போட்டால் வண்டி பறக்கும்" என்றார். படகுக்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

அவர் யோசித்ததில் நியாயம் இருக்கிறது. விலை இரண்டு மூன்று மடங்கு. கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டா? இந்தக் கேள்விக்கு லாரிக்காரர்களிடம் அனுபவப்பட்ட பதில் உண்டு. படகுக்கு அதே பதில் பொருந்தாது. அதிலும் மலை ஏரியில் ஓடும் படகுக்குப் பொருந்தவே பொருந்தாது.

வாளையாருக்கு அருகில் மலம்புழா. தெற்கே போனால் இடுக்கி எல்லையில் மூணாற்றுக்கு மேலே மாட்டுப்பட்டி, குமுளியை ஒட்டித் தேக்கடி. மூன்று இடங்களிலும் நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. மூன்று இடங்களிலும் படகுக்கு அடியில் இருப்பது வெறும் வேடிக்கைத் தண்ணீர் அல்ல. கீழே இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீர். ஆகவே எந்த ஆயில் என்பது என்ஜினை மட்டும் பொறுத்த கேள்வி அல்ல. அதற்குப் பிறகு வருவோம். முதலில் என்ஜினைப் பார்ப்போம்.

சாதா எது, சிந்தெடிக் எது?

பூமிக்கடியில் கிடைக்கும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பெட்ரோலும் டீசலும் பிரிந்த பிறகு கிடைக்கும் கனமான பகுதியிலிருந்து எடுப்பதே சாதா ஆயில். மினரல் ஆயில் என்பதும் இதுதான். இதில் பெரியதும் சிறியதுமாகப் பல வகை மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். கொஞ்சம் மெழுகும் இருக்கும். குளிரில் இறுகுவதற்கும், மிகுந்த சூட்டில் நீர்த்துப் போவதற்கும் இந்தக் கலப்படக் குணமே காரணம்.

சிந்தெடிக் என்பது ரசாயன முறையில் கட்டி எழுப்பிய எண்ணெய். ஒரே அளவு, ஒரே வடிவமுள்ள மூலக்கூறுகளாக அமைவதால் குளிரில் எளிதாக ஓடும். சூட்டில் சீக்கிரம் கருகாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனி இத்தகைய எண்ணெய்களில் தீவிரமாக இறங்கியது. பின்னர் ஜெட் விமானங்கள் வந்தபோது, அந்தச் சூட்டைச் சாதா ஆயில் தாங்காது என்பதால் செயற்கை ஆயில் நிலைபெற்றது. 1970களில் அது அமெரிக்காவில் மோட்டார் கார்களுக்கும் கடைக்கு வந்தது.

விமானம் எங்கோ இருப்பது என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் கொச்சியிலிருந்து பறந்து வந்து மாட்டுப்பட்டி நீர்ப்பரப்பில் ஒரு விமானம் சோதனைக்காக இறங்கியதே, நினைவிருக்கும். அதில் உள்ளதைப் போன்ற டர்பைன் என்ஜின்களில் செயற்கை ஆயில் தவிர வேறொன்றை ஊற்றுவதில்லை. அங்கே "சாதாவா, சிந்தெடிக்கா" என்ற கேள்விக்கே இடமில்லை. அதே ஏரியில் அதன் பக்கத்தில் ஓடும் படகுக்கு அந்தக் கேள்விக்கு இடமுண்டு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. டப்பாவில் சிந்தெடிக் என்று இருப்பதெல்லாம் ஆலையில் அடியிலிருந்து கட்டிய எண்ணெய் அல்ல. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகப் பக்குவப்படுத்தி, ஏறக்குறைய அதே தரத்துக்குக் கொண்டுவந்ததையும் அப்பெயரில் விற்கிறார்கள். இதை அப்படி அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகள் தகராறு செய்தன. விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு 1999-ல், அழைக்கலாம் என்று சொல்லிவிட்டது. சாதாவும் சிந்தெடிக்கும் கலந்த "செமி சிந்தெடிக்" டப்பாவில் எது எத்தனை பங்கு என்பதும் பொதுவாகக் குறிக்கப்படுவதில்லை. எனவே பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைவிட, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் தரக் குறியீடே முக்கியம்.

படகும் லாரியும்

வாளையாரில் லாரி ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும் உவமை ஒன்று. சுமை ஏற்றிய லாரி மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறும்போது என்ஜின் எப்படி முழங்குகிறது? ஸ்பீடு படகின் என்ஜினுக்கு நாள் முழுவதும் அதே நிலைதான். லாரிக்கு மேடு முடிந்தால் இறக்கம் வரும், சமவெளி வரும். படகுக்கு இறக்கமே கிடையாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று வரை ஓடும் அவுட்போர்டு என்ஜின்கள் உண்டு.

இதைக் கேட்டால் சிந்தெடிக் பக்கம் மனம் சாயும். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கார், லாரி என்ஜினில் ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும். அவுட்போர்டு என்ஜினோ ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்வித்துக்கொண்டு வெளியே துப்புகிறது. தெர்மோஸ்டாட் இருந்தாலும், மலை ஏரியின் குளிர்ந்த நீர் என்ஜினை எளிதில் சூடேற விடாது. சுற்றுலாப் படகு சில நிமிடம் ஓடும், துறையில் நிற்கும், ஆள் ஏற்றிக்கொண்டு மறுபடி ஓடும். என்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் சவாரி முடிந்துவிடும்.

சூடேறாத என்ஜினில் என்ன நடக்கிறது? முழுதும் எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. காற்றிலுள்ள ஈரமும் உள்ளே நீராகப் படிகிறது. என்ஜின் நன்றாகச் சூடானால் இவை ஆவியாகிப் போகும். ஆகாவிட்டால் ஆயிலிலேயே தங்கும். அளவு பார்க்கும் குச்சியை இழுத்தால், ஊற்றியதைவிட ஆயில் அதிகமாகத் தெரியும்! "நம்ம என்ஜின் ஆயிலே குடிக்காது சார், ஏறத்தான் செய்யும்" என்று பெருமைப்படும் படகுக்காரர்களும் இருக்கிறார்கள். ஏறுவது ஆயில் அல்ல, பெட்ரோல். அது ஆயிலை நீர்க்கச் செய்து பேரிங்கைத் தின்றுவிடும்.

வாளையாரில் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும் வரை வணிகவரிச் சோதனைச் சாவடி முன்னால் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலத்தை மறந்திருக்க மாட்டோம். வண்டி ஓடாமலே என்ஜின் உறுமிக்கொண்டிருந்தால் ஆயில் கெட்டுவிடும் என்பதை அந்த வரிசையில் நின்ற டிரைவர்கள் கற்றுக்கொண்டார்கள். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று ஆயில் மாற்றாமல் இருந்தவர்களுக்கு என்ஜின் பாடம் சொல்லிக் கொடுத்தது. படகுக்கும் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. மணிக் கணக்குத்தான்.

நூறு மணிக் கணக்கு

சிந்தெடிக் ஆயிலுக்குக் கடைக்காரர் சொல்லும் பெரிய நியாயம், அது நெடுநாள் உழைக்கும் என்பது. நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு இது உண்மை. நல்ல ஆயில் போட்டு, மாற்றும் இடைவெளியை நீட்டி, விலை வித்தியாசத்தை மீட்டுவிடலாம். படகில் இது நடக்காது. ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது, நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றவேண்டும் என்பது. புதிய என்ஜினுக்கு முதல் மாற்றம் 20 மணி நேரத்திலேயே. சிந்தெடிக் போட்டால் இருநூறு மணி ஓட்டலாம் என்று அவர்கள் சொல்வதில்லை. காரணம் மேலே சொன்னதுதான். எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்குள் கலந்த பெட்ரோலும் நீரும் உயர்ந்ததாகிவிடுமா? அவற்றை வெளியேற்ற ஆயிலை மாற்றத்தான் வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். என்ஜின் 5 லிட்டர் ஆயில் கொள்கிறது. சாதா ஆயில் லிட்டர் 400 ரூபாய், சிந்தெடிக் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாற்றத்துக்கு முன்னது 2,000 ரூபாய். பின்னது 4,500 ரூபாய். நூறு மணிக்குப் பிரித்தால் மணிக்கு 20 ரூபாய், 45 ரூபாய். வித்தியாசம் 25 ரூபாய். முழு வேகத்தில் ஓடும் படகு ஒரு மணியில் பத்து லிட்டர் பெட்ரோல் குடித்தாலே செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அதன் முன் 25 ரூபாய் பெரிதல்ல. கையில் வசதி உள்ளவர் போட்டுக்கொள்வதில் தவறில்லை.

தவறு எங்கே நேர்கிறது என்றால், "விலை கொடுத்துப் போட்டிருக்கிறோமே" என்று இருநூற்றைம்பது மணி வரை ஓட்டுவதில். சீசன் நாட்களில் தினம் ஆறு மணி நேரம் ஓடும் படகுக்கு நூறு மணி என்பது பதினேழு நாளில் வந்துவிடும். அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை மாற்ற வேண்டும். காலத்தில் மாற்றிய சாதா ஆயில், காலம் தாழ்த்திய சிந்தெடிக்கை வெல்லும். என்ஜினில் மணி காட்டும் கருவி இல்லாவிட்டால், துறையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டு எழுதி வைத்தால் போதும். ஒரு பேனா செலவுதான்.

குறியீட்டைப் பொறுத்தவரை, ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு எஃப்.சி.-டபிள்யூ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். படகு என்ஜினுக்கென்று துருப்பிடிப்புச் சோதனை முதலியவை செய்து தரப்படும் முத்திரை இது. கார் ஆயிலில் இந்தச் சோதனை இல்லை. அதோடு என்ஜின் கையேடு சொல்லும் கனம், 10 டபிள்யூ 30 என்றோ 25 டபிள்யூ 40 என்றோ இருப்பது, பொருந்த வேண்டும். முதல் எண் சிறிதாக இருந்தால் குளிரில் சுலபமாக ஓடும் என்று பொருள். மூணாற்றில் மார்கழிக் காலையில் குளிர் உறைநிலையைத் தொட்டுவிடும் நாட்கள் உண்டு. அப்போது முதல் ஸ்டார்ட்டில் ஆயில் உடனே மேலே ஏறுவது என்ஜினுக்கு நல்லது. சிந்தெடிக் ஆயில் உண்மையாகவே கைகொடுக்கும் இடங்களில் இது ஒன்று.

"இழுவை இல்லை" என்றால்?

மலையில் படகு ஓட்டுகிறவர்கள் அதிகம் குறைப்பட்டுக்கொள்வது, கீழே நன்றாக இழுத்த என்ஜின் மேலே இழுக்கவில்லை என்று. உடனே கடைக்கு வந்து, நல்ல ஆயிலாகக் கொடுங்கள் என்கிறார்கள். இந்த நோய்க்கு ஆயில் மருந்தல்ல.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. சுமார் 300 மீட்டருக்கு 3 சதவீதம் என்ற விகிதத்தில் என்ஜின் சக்தி குறையும் என்பது பொதுக் கணக்கு. மாட்டுப்பட்டி ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நூறு குதிரைச் சக்தி என்ஜின் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். எந்த விலையுயர்ந்த ஆயிலும் அந்தக் காற்றைத் திருப்பிக் கொண்டுவராது.

கார்புரேட்டர் வைத்த என்ஜின் என்றால் இன்னொரு கேடு. காற்று குறைந்தும் பெட்ரோல் அதே அளவில் இறங்குவதால் கலவை கனத்துவிடும். பிளக் கருக்கும். புகை வரும். எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்குவதும் அதிகமாகும். இதற்கு வழி, உயரத்துக்கு ஏற்ற சிறிய ஜெட் பொருத்துவதும், பிட்ச் குறைந்த புரொப்பல்லர் மாட்டி என்ஜின் தன் உரிய சுற்றுக்குப் போகும்படி செய்வதும்தான். விவரம் அறிந்த மெக்கானிக் ஆயில் டப்பாவைத் தொடுவதற்கு முன் இதைத்தான் பார்ப்பார்.

டீசல் படகுகள்

பெரிய பயணிகள் படகுகளில் பொதுவாக இருப்பது படகுக்கு உள்ளேயே பொருத்திய டீசல் என்ஜின். இது ஸ்பீடு படகைப் போல் பறப்பதில்லை. நிதானமாக, ஒரே கதியில் ஓடும். இந்த வகைக்கு லாரி அனுபவம் பெருமளவு பொருந்தும். லாரி டீசல் என்ஜினையே நீருக்கு ஏற்ப மாற்றிப் பொருத்துவதும் உண்டு. கையேடு சொல்லும் தரமுள்ள 15 டபிள்யூ 40 சாதா ஆயிலை நாள் தவறாமல் மாற்றினால் இத்தகைய என்ஜின் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். டீசலில் ஆயில் கறுப்பது இயல்பு. புகைக்கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் வேலை. கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். பால் கலந்த காப்பி நிறத்தைக் கண்டால்தான் பயப்பட வேண்டும். அது தண்ணீர் புகுந்ததன் அடையாளம்.

டர்போ பொருத்திய டீசலுக்குச் சிந்தெடிக் தகும். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக் கூடியது. வேகமாக வந்து துறையில் சேர்ந்ததும் சாவியைத் திருகி நிறுத்தினால், அங்கே தங்கிய ஆயில் சூட்டில் வெந்து கரியாகிவிடும். சிந்தெடிக் இதை நன்கு தாங்கும். ஆனாலும் நிறுத்துமுன் மூன்று நான்கு நிமிடம் மெதுவாக ஓடவிடுவதே முதல் வைத்தியம். அதற்குக் காசு கிடையாது.

தேக்கடியில் ஓடுவது சுற்றுலாப் படகு மட்டுமல்ல என்பதும் நமக்குத் தெரியும். முல்லைப் பெரியாறு அணையைப் பார்வையிடத் தமிழகப் பொறியாளர்கள் தேக்கடியிலிருந்து படகில்தான் போய்வருகிறார்கள். மழைக்காலத்தில் நடு ஏரியில் என்ஜின் நின்றால் அது வேடிக்கை அல்ல.

ஸ்கூட்டர் ஆயில் வேண்டாம்

நடு ஏரியில் நிற்பது என்றதும் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீர்த்தேக்கத்தில் பழைய டூ-ஸ்ட்ரோக் என்ஜின் பொருத்திய சிறு படகில் போனோம். பாதி வழியில் என்ஜின் இருமியது; நின்றுவிட்டது. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. படகுக்காரத் தம்பி பதறாமல் பிளக்கைக் கழற்றினார். முனையில் கரியும் சாம்பலும் பாலம் கட்டியிருந்தன. வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டி, அரைமணிப் போராட்டத்துக்குப் பின் கரை சேர்த்தார். "என்ன ஆயில் தம்பி?" என்று கேட்டோம். "டூ-டி ஆயில்தான் சார். கடையில ஸ்கூட்டருக்குக் குடுக்கிறதைத்தான் குடுத்தாங்க."

அங்கேதான் சிக்கல். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து போகிறது. காற்றில் குளிரும் ஸ்கூட்டர் என்ஜினுக்கான ஆயிலில் சாம்பல் தரும் சேர்க்கைகள் இருக்கக் கூடும். தண்ணீரில் குளிர்ந்தபடி முழுச் சுமையில் ஓடும் அவுட்போர்டில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்துவிடும். அவுட்போர்டுக்கென்று சாம்பல் தராத ஆயில் தனியாக உண்டு. டப்பாவில் டி.சி.-டபிள்யூ 3 என்ற குறி இருக்கும். இந்தக் குறி உள்ள சாதா ஆயில், குறி இல்லாத சிந்தெடிக் ஸ்கூட்டர் ஆயிலைவிட அவுட்போர்டுக்கு நல்லது.

கலக்கும் அளவும் முக்கியம். பல என்ஜின்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. புதிய என்ஜினுக்கு ஆரம்ப மணிகளில் அதைப் போல் இரண்டு பங்கு. கண் மதிப்பில் ஊற்றுவது கூடாது. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகையும் கரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அது இதற்கென்றே சொன்னது போலிருக்கிறது.

நாம் குடிக்கும் தண்ணீர்

உண்மையில் இங்கே ஆயிலை ஆற்றில்தான் போடுகிறோம். கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில், ஊற்றும் எரிபொருளில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே புகைக்குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போய்விடும். பத்து லிட்டர் கலவை எரித்தால் இரண்டு, இரண்டரை லிட்டர் ஏரிக்கு. அதில் ஆயில் மட்டும் 50 மில்லி.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? மலம்புழா நீர் பாலக்காடு நகரின் குழாய்களுக்குப் போகிறது. மாட்டுப்பட்டி நீர் முதிரப்புழை வழியாகப் பெரியாற்றில் சேர்ந்து ஆலுவாய்க்கு இறங்குகிறது. ஆலுவாயில் எடுக்கும் பெரியாற்று நீரைத்தான் கொச்சியில் இருக்கும் நம்மவர்களும் குடிக்கிறார்கள். தேக்கடி நீரோ, 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து சுரங்கம் வழியாகத் தமிழகம் சென்று, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களை வாழவைக்கிறது. படகு ஓட்டும் தம்பியின் சொந்த ஊர் கம்பமோ போடியோ என்றால், அவர் அம்மா குடத்தில் பிடிப்பதும் அந்த நீராக இருக்கலாம்.

மற்ற நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக் படகு என்ஜின்களுக்கு 1999 ஜூனில் தடை விதித்தார்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றுக்கும் பொதுவான கான்ஸ்டன்ஸ் ஏரி லட்சக்கணக்கான மக்களுக்குக் குடிநீர் தருகிறது. அங்கே படகுப் புகைக்குக் கடுமையான விதிகள் வந்தன. நீரில் கலந்தால் நுண்ணுயிர்கள் விரைவில் சிதைத்துவிடும் எஸ்டர் வகைச் செயற்கை ஆயில்கள் டூ-ஸ்ட்ரோக் படகுகளுக்கென்று உருவானதற்கு இத்தகைய ஏரிகளும் ஒரு காரணம்.

ஆக, மலை ஏரியில் சிந்தெடிக் ஆயில் தன் விலைக்கு முழுத் தகுதி பெறுவது, கடைக்காரர் சொல்லும் "பறக்கும்" ஸ்பீடு படகில் அல்ல; புகை கக்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் படகில்தான். அதிலும் எல்லாச் சிந்தெடிக்கும் நீரில் சிதையக் கூடியதல்ல. அப்படிக் குறிப்பிட்டிருக்கிறதா என்று டப்பாவில் பார்த்து வாங்க வேண்டும். எரியாத பெட்ரோலுக்கு அந்த ஆயிலும் பதில் ஆகாது. அந்த என்ஜினை ஓய்வு கொடுத்து ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறுவதே முழுத் தீர்வு. வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டிவரும் "ஆதித்யா" சூரிய சக்திப் படகுக்கு என்ஜின் ஆயிலே தேவையில்லை. மலை ஏரிகளுக்கும் அந்த நாள் வரட்டும்.

மாற்றி எடுத்த பழைய ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை என்ஜினிலிருந்து எடுக்கும் ஆயில் பத்து லட்சம் காலன், நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. துறையின் பலகைக்குப் பூசுவதும், கரையில் குழி தோண்டி ஊற்றுவதும் மழை வந்ததும் ஏரிக்கே போய்ச் சேரும். நம் நாட்டில் 2016-ம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுப்பதே முறை.

டப்பாவைப் பார்த்து வாங்குங்கள்

எல்லைக் கடைகள் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டோம். தலைமுறையாக நாணயமாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஆனாலும் நல்ல கம்பெனி டப்பாவில் மட்டமான ஆயிலை நிரப்பி விற்கும் போலிகள் நாடெங்கும் உண்டு. சிந்தெடிக் விலை கொடுத்துக் கழிவு ஆயிலை வாங்குவதைவிடக் கொடுமை வேறில்லை. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலைப் படகுக்கு வாங்காதீர்கள். காலி டப்பாவை முழுசாகத் தூக்கிப் போடாமல் கத்தியால் கிழித்துப் போடுங்கள். போலிக்காரனுக்கு அது கிடைக்கக் கூடாது.

அன்று வாளையார் கடை வாசலில் யோசித்துக்கொண்டு நின்ற படகுக்காரரிடம் நாம் கேட்டது இரண்டே கேள்விகள். என்ஜின் ஃபோர்-ஸ்ட்ரோக்கா? கடைசியாக ஆயில் மாற்றி எத்தனை மணி ஓடியிருக்கிறது? முதலாவதற்கு "ஆமாம் சார்" என்றார். இரண்டாவதற்குத் தலையைச் சொறிந்தார். கடைசியில் எஃப்.சி.-டபிள்யூ குறி போட்ட சாதா ஆயிலையே வாங்கிக்கொண்டார். மிச்சப்பட்ட பணத்தில் புதிய ஆயில் ஃபில்டர் ஒன்றும், பக்கத்துக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கினார்.

நோட்டின் முதல் பக்கத்தில் அன்றைய தேதியை நம்மையே எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம்.